சாப்பாட்டு மணி

லூர்துமேரி அப்பாவின் பழைய வேட்டியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். முதல் துண்டால் அவர் தாடையைத் தூக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாயிற்று. இரண்டாம் துண்டு கால் கட்டைவிரல்களுக்கு. மூன்றாவதாக ஒன்றையும் கிழித்துவிட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஷூ சத்தம் கேட்டது.

"மேரி! பங்களாச் சாவி எங்கம்மா? வேன் தருமபுரி தாண்டிடுச்சாம்."

திருமால் சார் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார். தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். மூன்றாவதாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்ப?"

"இப்பதாங்க சார். ஏழே முக்கா இருக்கும். கஞ்சி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு. மூணாவது கடவாயில வழிஞ்சிடுச்சி."

திருமால் சார் தொப்பியைக் கழற்றினார். தருமபுரியில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பின் வரலாறு அவரை விடவில்லை என்பார். அவர் வரலாற்றை விடவில்லை என்பது அவர் வீட்டம்மாவின் கட்சி. 'கரட்டு பங்களா மரபு நடைக் குழு'வுக்கு அவரே தலைவர். எட்டுப் பைகள் வைத்த காக்கிச் சட்டை போட்டிருந்தார், எட்டும் காலி. இன்றைக்குத்தான் முதல் நடை. சென்னையிலிருந்து ஒரு மரபு அறக்கட்டளைத் தலைவியும் பெங்களூர்க்காரர்கள் சிலருமாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போனால் பங்களாவுக்கு ஒரு வெண்கலப் பலகை கிடைக்கும். பலகையில் அவர் பெயர் இருக்கும்.

"நல்ல மனுஷன்" என்றார். ஒரு நொடி பொறுத்து, "இன்னிக்குத்தானா?" என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு ஒன்று குறைவாக அந்தப் பங்களாவைக் காவல் காத்த சவுரியப்பன், வாயைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். வாழ்நாளில் அவர் யாரையும் காக்க வைத்ததில்லை.

"ஊருக்குச் சொல்லணும் சார். மொதல்ல..."

"வேண்டாம், வேண்டாம்." திருமால் சார் கதவைப் பாதி சாத்தினார். "ஏம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நீ இப்ப சொன்னா அரை மணியில ஊரே மேல ஏறி வந்துடும். பொம்பளைங்க மாரடிச்சு அழுவாங்க. அந்தம்மா என்ன நெனப்பாங்க? பதினோரு மணிக்கு நடை முடிஞ்சுடும். அது வரைக்கும் போன் பண்ணாத. அழாத. வாயே தொறக்காத."

அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கப்பாவ எங்க வைக்கப் போற?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவருக்குத் தெரியும். தோட்டத்தின் பின்மூலையில், புங்கமரத்தடியில், எட்டு வருஷத்துக்கு முன் அவள் அம்மாவைப் புதைத்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் நீளத்துக்கு அப்பா இடம் விட்டிருந்தார். அதில் செடி முளைத்தால்கூடப் பிடுங்கிவிடுவார். குழுவின் வரைபடத்தில் அந்த மூலைக்கு 'துரைசானியின் ரோஜாத் தோட்டம்' என்று பேர். அடுத்த மாதம் கம்பி வேலி.

"வாயத் தொறக்காம இரு. அந்த எடத்த நான் வாங்கித் தரேன். நான் கையெழுத்துப் போட்டா யாரு கேக்கப் போறா?"

லூர்துமேரி ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

"நீயே கொண்டு வா. ஒவ்வொரு கதவா நீதான் தொறக்கணும்" என்றார். "மூஞ்சி கழுவிக்கோ."

*

அவள் சொல்ல வந்தது மணியைப் பற்றி.

பங்களா முகப்பில் ஒரு வெண்கல மணி தொங்கியது. கரட்டுமேல் மூன்று அடி அடித்தால் கீழே சீங்காட்டுக்கும் சுற்றியுள்ள இரண்டு பட்டிக்கும் கேட்கும். மூன்று அடி என்றால் ஒரு சாவு. சாமி எதுவானாலும், செத்தவர் யாரானாலும், யாராவது மேலே ஓடிவந்து சொல்வார்கள்; சவுரியப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று அடி அடிப்பார். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் செய்தி வந்ததும் முதல் கேள்வி, "மணி அடிச்சாச்சா?" என்பதுதான். மணி கேட்கும்வரை யாரும் அடுப்பை அணைப்பதில்லை.

சும்மா அடிக்கக் கூடாது. சும்மா விழுந்த மூன்று அடி, சும்மா இருக்காது, ஆள் கேட்கும். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது வெள்ளையடிக்க வந்தவன் ஒருவன் விளையாட்டாக அடித்தான். அன்று சாயங்காலமே, பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போன வண்டியில் தொற்றிக்கொண்டு இறங்கினான். இரண்டாவது வளைவில் வண்டி போயிற்று, அவன் போகவில்லை; பள்ளத்திலிருந்து பிணமாகத்தான் தூக்கினார்கள். அதற்குப் பிறகு சவுரியப்பன் மணியின் நாக்கில் துணி சுற்றி வைத்தார், காற்றுக்குக்கூட அது பேசக்கூடாதென்று.

நேற்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு நீ அடி. மூணே மூணு. நாலாவது வுழாம கயித்தப் புடிச்சிக்க."

திருமால் சாருக்கு இது தெரியாது. அவருக்கு வேறொன்று தெரியும். அது புத்தகமாகவும் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். லூர்துமேரிதான் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இந்த அடுப்பு துரை குளிர் காயறதுக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அப்பா. வௌவால் விரட்ட அவர் தைல இலை போட்டு எரிக்கிற இடம் அது.

"பின்மூலையில துரைசானி ரோஜாத் தோட்டம் வெச்சிருப்பாங்க இல்ல?"

"ஆமாங்க."

"மணி மூணு தடவ அடிப்பீங்களாமே? துரைக்குச் சாப்பாட்டு மணியாத்தான் இருந்திருக்கணும்."

அங்கே மட்டும் அப்பா சற்றுத் தயங்கினார். எதிரில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருக்கையில் சாவுப் பேச்சை எடுப்பானேன்? "ஆமாங்க" என்றார்.

தொண்ணூற்றாறு பக்கம். அட்டையில் விக்டோரியா ராணி.

*

எட்டே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் மாது, கீழே சீங்காட்டுக்காரன்தான். லூர்துமேரியைப் பார்த்து, "அக்கா, மாமா எப்பிடி இருக்காரு?" என்று சத்தமாகக் கேட்டான்.

திருமால் சார் கனைத்தார்.

"படுத்திருக்காரு" என்றாள் லூர்துமேரி.

மாது தலையாட்டிவிட்டு, சீட்டைச் சாய்த்து முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டான்.

முதலில் பிரியதர்ஷினி மேடம் இறங்கினார். கைத்தறிப் புடவை, கல் மாதிரி கனத்த வெள்ளி மாலை. நின்று பங்களாவைப் பார்த்து, "அமேஸிங்" என்றார். மற்ற பதினொரு பேரும் அதையே சொன்னார்கள்.

வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. காற்று ஒரு இலையை அசைக்கவில்லை. தோட்டத்தில் எப்போதும் கத்துகிற மயில்கள் இன்று ஒன்றும் கத்தவில்லை என்பதை லூர்துமேரி மட்டும் கவனித்தாள். பங்களா நாய், பின்கட்டை விட்டு வராமல் அங்கேயே படுத்திருந்தது.

அவள் கதவு கதவாகத் திறந்தாள். திருமால் சார் நின்று நின்று பேசினார்.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டு. ஹார்ட்லி துரை லண்டன்ல இருந்த தன் வீட்டையே அப்படியே இங்க தூக்கிட்டு வந்த மாதிரி கட்டினார். இது குளிர் காயும் அடுப்பு."

நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பன்னிரண்டு பேரும் குளிர் காயும் அடுப்பைப் படம் எடுத்தார்கள்.

"இந்தப் பீங்கான் தொட்டியில துரைசானி பன்னீர்ல குளிச்சாங்க."

அதில் பல வருஷம் ராகி கொட்டி வைத்திருந்தார்கள். லூர்துமேரி சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் 'ஆமாங்க' ஒவ்வொரு அறையிலும் அவளுக்கு முன்பாகவே போய் நின்றது. மாடிப்படியில் ஆமாங்க. மான்தலைக்குக் கீழே ஆமாங்க. கேட்டவர் மனம் கோணாமல் அவர் கொடுத்ததையெல்லாம் இவர்கள் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தவர் முப்பது அடி தள்ளிக் குளிர்ந்துகொண்டிருந்தார்.

"அடுத்தது வேலைக்காரர் குடியிருப்பு இல்லியா?" மேடம் புத்தகத்தைப் புரட்டினார். "எனக்கு அதுதான் முக்கியம். சாதாரண மக்களோட வரலாறு."

"அங்க... மராமத்து நடக்குது மேடம். வெளியில இருந்து பார்த்துக்கலாம்."

நடை பின்கட்டுக்குத் திரும்பியது. லூர்துமேரியின் கைக்குள் சாவிகள் நனைந்தன. நாய் எழுந்தது, குரைக்கவில்லை, வாசல்படியில் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. நீல டீ-சர்ட் போட்ட பெங்களூர்க்காரர் ஒருவர் சன்னல் கம்பியில் முகத்தை வைத்தார்.

"ஏய், உள்ள யாரோ இருக்காங்க."

திருமால் சார் முந்திக்கொண்டார். "நைட் வாட்ச்மேன். தூங்கறார்."

"கேண்டில் எரியுது?"

"இங்க கரண்ட் அடிக்கடி போகும்."

"மூஞ்சியச் சுத்திக் கட்டியிருக்கே?"

திருமால் சார் லூர்துமேரியைப் பார்த்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். "பல்லு வலிங்க."

"பாவம்" என்றார் மேடம். "எழுப்ப வேண்டாம்." பன்னிரண்டு பேரும் நுனிக்காலில் நகர்ந்தார்கள். போகிற போக்கில் நீல டீ-சர்ட்காரர் கம்பி வழியே ஒரு படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்து, "ரொம்ப அமைதியான முகம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

புங்கமரத்தடியில் அவர்கள் துரைசானியின் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தார்கள். மேடம் நின்றிருந்தது அம்மாவின் நெஞ்சுக்கு நேராக. அப்பாவுக்காக விட்ட இடத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டுச் செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டினார். லூர்துமேரி கண்ணை எடுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம். நடை முடிந்ததும் முதல் வேலை, நேரே போய் மணியடிக்க வேண்டும். மூணே மூணு.

*

நடை மறுபடி முகப்புக்கு வந்தபோது பத்தரை. அங்கேதான் அவள் பார்த்தாள். மணியின் நாக்கில் துணி இல்லை. யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மணி புதுக்குடம் மாதிரி பளபளத்தது. கயிற்றில் ஒரு சிவப்பு ரிப்பன்.

"இதுதான் இந்த நடையோட சிகரம்." திருமால் சார் குரல் கம்பீரமாகத் திரும்பியிருந்தது. ஆபத்தெல்லாம் தாண்டியாயிற்று. "துரையோட சாப்பாட்டு மணி. மூணு முறை அடிச்சா விருந்து தயார்னு அர்த்தம். மேடம் அடிச்சுத் தொடங்கி வைக்கணும். அப்புறம் ஒவ்வொருத்தரா."

"சார்" என்றாள் லூர்துமேரி.

அவர் சட்டென்று திரும்பினார். கண் அகன்றது. உதட்டில் விரல் வைத்தார்.

"சார், அது வந்து..."

"மேரி." ஒரே சொல். புங்கமரத்துப் பக்கம் கண்ணால் காட்டினார்.

மேடம் கயிற்றைப் பிடித்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

சத்தம் கரட்டிலிருந்து இறங்கி, கீழே தென்னந்தோப்பு தாண்டி, ஊரைத் தொட்டு நின்றது. லூர்துமேரி தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு மணி அடித்தாயிற்று. சுத்தமான மூன்று. யார் கையாலோ, எதற்கோ, ஆனால் அவருக்குத்தான்.

"என் முறை, என் முறை!" நீல டீ-சர்ட்காரர் கயிற்றை வாங்கினார்.

நாலாவது விழுந்தது. ஐந்து. ஆறு.

வேனுக்குள் மாது முகத்துத் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

அவள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்திருக்கலாம். வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். திருமால் சாரின் விரல் இன்னும் உதட்டிலிருந்து இறங்கவில்லை. அவள் மேடத்தின் செருப்பைப் பார்த்தாள். விளிம்பில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. அப்பா களை பிடுங்கிக் காத்த இடத்து மண்.

லூர்துமேரி வாயைத் திறக்கவில்லை.

மும்மூன்றாக விழுந்துகொண்டே இருந்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். சிலர் ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அடித்தது ஆளுக்கு மூன்று. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு பேரும் முடித்தபின், "சார், நீங்களும்" என்றார்கள். திருமால் சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக மூன்று அடித்தார்.

பிறகு வந்த அமைதியில், கீழே ஊர் நாய்கள் ஒட்டுமொத்தமாகக் குரைப்பது கேட்டது.

*

சிற்றுண்டிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருக்கையில் ஊர் வந்தது.

ஆண்கள் முன்னால் ஓடிவந்தார்கள். கையில் மண்வெட்டி, கடப்பாரை. பெண்கள் அவிழ்ந்த தலையோடு பின்னால். யாரும் அழவில்லை. அது அழுகைக்கு மீறிய ஓட்டம்.

"லோக்கல் கம்யூனிட்டி!" என்றார் மேடம், நெகிழ்ந்து. "மரம் நடற நிகழ்ச்சியும் இருக்கா?"

திருமால் சார் மண்வெட்டிகளைப் பார்த்தார்.

ஓடிவந்தவர்கள் பங்களாவைப் பார்த்து நின்றார்கள். கூரை கூரையாக இருந்தது. சுவர் சுவராக இருந்தது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த சின்னக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எண்பது வயது; ஊரில் விழுந்த ஒரு மணியையும் அவள் எண்ணாமல் விட்டதில்லை.

"மேரி, பதிமூணு சாவுக்கு அடிச்சிது கண்ணு. பங்களா கூர இடிஞ்சி வுழுந்துடுச்சின்னு ஓடியாறம். யாரு யாரு?"

மணி பத்து ஐம்பது. லூர்துமேரி திருமால் சாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள்.

சின்னக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். "சவுரியப்பனா... எப்ப?"

"காலையில."

"அவனுக்கு ஒண்ணு." சின்னக்கா விரலை மடக்கினாள். மிச்சத்தை மடக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். "மீதி பன்னண்டு?"

ஊர்க்காரர்கள் மணிக்கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர்பின் ஒருவராக, பொட்டலமும் கையுமாக நின்ற விருந்தாளிகளைப் பார்த்தார்கள். கோபமில்லை அந்தப் பார்வையில். வியாதிக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் பார்ப்பது மாதிரி.

மேடத்துக்கு அருகே நின்ற ஒரு பெண், வாயில் வைத்த வடையை மென்று விழுங்காமல் நிறுத்தினாள்.

மாது வந்து வேன் சாவியை முகப்புத் திட்டில் வைத்தான். "மேடம், நான் ஓட்டல. நீங்களும் இன்னிக்கு எறங்காதீங்க. அது சாவு மணிங்க. மூணுக்கு ஒரு ஆளு. சும்மா அடிச்சா அது ஆள் கேக்கும்."

மேடம் கேட்டுக்கொண்டார். முழுவதும் கேட்டார். கண்கள் விரிந்தன. பிறகு திருமால் சாரிடம் திரும்பி, "இவ்வளவு அருமையான நம்பிக்கையை நீங்க புத்தகத்துல விட்டுட்டீங்களே!" என்றார். "அடுத்த பதிப்புல கட்டாயம் சேருங்க. பலகைக்கு நான் பொறுப்பு." லூர்துமேரியின் கையைப் பிடித்து, "ரொம்ப ஸாரிம்மா. அப்பா தூங்கறார்னு..." என்று நிறுத்தினார். அந்தக் கை சூடாக இருந்தது. லூர்துமேரி அதை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டறேன்." நீல டீ-சர்ட்காரர் சாவியை எடுத்துச் சுண்டிப் பிடித்தார். "மலை ரோடு எனக்குப் பழக்கம்."

ஒவ்வொருவராக ஏறினார்கள். "சார், உங்க சீட்?" என்று உள்ளிருந்து கேட்டார்கள்.

திருமால் சார் வேன் படியில் வலது காலை வைத்தார். மூடநம்பிக்கையை எதிர்த்து நாலு கல்லூரிகளில் பேசியவர் அவர். உள்ளே உட்கார்ந்திருந்த தலைகளை ஒருமுறை பார்த்தார். உதடு அசைந்தது; எண்ணினார் போலும். காலை எடுத்துவிட்டார்.

"நீங்க கிளம்புங்க. சவுரியப்பன் எனக்கு அண்ணன் மாதிரி. அடக்கம் முடியாம நான் எப்படி வர்றது?" என்றார். மண்வெட்டி வைத்திருந்தவர்களைப் பார்த்து, அவசரமாக, "புங்கமரத்தடியில தோண்டுங்கப்பா. அம்மா பக்கத்துல. நான் சொல்றேன்" என்றார். பிறகு லூர்துமேரியை நெருங்கி, ஈனக்குரலில், "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"பதினோரு மணி வரைக்கும் வாயத் தொறக்காதன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

வேன் கிளம்பியது. கூட்டம் பாதையின் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டது. யாரும் சொல்லவில்லை, ஆனால் ஆண்கள் ஒவ்வொருவராகத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்தார்கள். அதற்குள் சவுரியப்பனுக்கென்று தோட்டத்தில் பறித்த சாமந்தியில் ஒரு பிடியைச் சின்னக்கா பாதையில் போட்டாள். சக்கரம் அதன்மேல் ஏறிப் போயிற்று. சன்னலோரத்தில் பிரியதர்ஷினி மேடம் இந்த வழியனுப்பலில் கண் கலங்கி, வளைவு மறைக்கும்வரை கையசைத்துக்கொண்டே போனார்.

முதல் வளைவில் ஹாரன் கேட்டது.

லூர்துமேரி முகப்பில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ரிப்பனை அவிழ்த்து எறிந்தாள். இடுப்பில் செருகியிருந்த வேட்டித் துண்டை எடுத்து மணியின் நாக்கில் சுற்ற ஆரம்பித்தாள். அப்பா சுற்றுவது போலவே, இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக.

கீழே அத்தனை பேரும் பாதைப் பக்கம் முகம் வைத்து, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் துண்டைத் திரும்பத் தோளில் போடவில்லை. திருமால் சார் தொப்பியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார்.

இன்னும் இரண்டு சுற்றுக்குத் துணி மிச்சமிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி அவளும் இரண்டாவது வளைவுக்குக் காது கொடுத்தாள்.